தடவும் காங்ரியும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வாறனுள் கூதிரும் இருபனியும் குளிரோடு தொடர்புடையவை. வெயில் மிகுந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஆண்டின் பாதியைக் குளிருக்கு ஒதுக்கினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இன்றும் மார்கழி விடியலில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்லும் பெரியவர்களும், கம்பளிக் குல்லாயோடு வகுப்பிற்கு வரும் மாணவர்களும் உள்ள ஊர் நம்முடையது. வெப்பமானி 20 டிகிரிக்கு இறங்கினாலே, "இந்த ஆண்டு குளிர் கடுமை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

இத்தகைய ஊரிலிருந்துகொண்டு பதினெட்டு ஆண்டுகளாக நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தி வருகிறோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூல் நக்கீரர் பாடியது. 188 அடிகளை உடையது. வாடைக் காலத்தில் கோவலர் நெருப்பில் கைகாய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வதும், நகரமாந்தர் குளிர்ந்த நீரை வெறுத்துத் 'தடவு' என்னும் அகன்ற வாயுடைய கலத்தில் நெருப்பை நாடுவதும் அதில் வருகின்றன. "தடவு என்றால் நெருப்புச் சட்டி" என்று கரும்பலகையில் எழுதுவோம். மாணவர் குறித்துக்கொள்வர். இரண்டு மதிப்பெண் வினாவிற்கு அது போதும். அச்சொல்லுக்குள் இருந்த சூடு மாணவருக்கும் தெரியாது; நமக்கும் தெரியாது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் காசுமீரத்தில் கழித்த எட்டு நாள்கள் அதனை நமக்குக் கற்பித்தன. அப்பாடம் குளிரைப் பற்றியதாக மட்டும் அமையவில்லை என்பதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வெயிலில் வந்த விருந்தாளி

காசுமீரத்திலிருந்து வணிகவியல் படிக்க வந்த மாணவர் ஒருவர் 2016 முதல் 2019 வரை விடுதியில் தங்கியிருந்தார். விடுதித் துணைக் காப்பாளர் பொறுப்பு அப்போது நம்மிடம் இருந்தது. டிசம்பர் மாதத்தில் நாமெல்லாம் போர்வைக்குள் முடங்கியிருக்கும் வேளையில், அவர் அரைக்கைச் சட்டையோடு முற்றத்தில் நின்று தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். மற்ற மாணவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவரோ, "சார், எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வசந்தம்" என்று சிரிப்பார்.

சித்திரை வந்ததும் அந்தச் சிரிப்பு மறைந்துவிடும். 2018 ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஒரு வாரத்தில் அவர் நம் அறைக்கு வந்தார். சிறிய ஏர்கூலர் ஒன்றைத் தம் செலவில் வாங்கி அறையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். மின்கட்டணத்தையும் தாமே செலுத்துவதாகச் சொன்னார். விடுதி விதியில் அதற்கு இடமில்லை. "ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லாருக்கும் தளர்த்த வேண்டிவரும்" என்று மறுத்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாங்களெல்லாம் இந்த வெயிலில்தானே வளர்ந்தோம்? ஆண்பிள்ளை, கொஞ்சம் பழகிக்கொள்ளும்" என்று ஒரு சொல்லையும் சேர்த்தோம். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் நண்பகலில் தாழ்வாரத்தில் மயங்கி விழுந்தார். இரண்டு நாள்கள் மருத்துவமனையில் சொட்டுநீர் ஏற்ற வேண்டியதாயிற்று. செய்தி கேட்ட துணைவியார் காலையும் மாலையும் கஞ்சியும் இளநீரும் கொடுத்தனுப்பினார். மாணவர் தேறிவந்து தேர்வும் எழுதினார். ஏர்கூலரைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, நாமும் பேசவில்லை. பேசாமலிருந்தது விதியை மதித்ததனாலா, வெட்கத்தினாலா என்று அன்று நம்மைக் கேட்டிருந்தால் முதலாவதையே சொல்லியிருப்போம்.

ஊர் திரும்பிய பின்னும் பெருநாள்தோறும் அவர் வாழ்த்துச் சொல்லத் தவறுவதில்லை. "கோடையில் எல்லாரும் வருகிறார்கள் சார். நீங்கள் குளிர்காலத்தில் வாருங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். என் தாயார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்று ஐந்தாண்டுகள் அழைத்தார். துணைவியாரின் ஆவலும் சேர்ந்துகொள்ள, 2024 டிசம்பர் 24ஆம் நாள் நாங்கள் இருவரும் சிரீநகர் விமான நிலையத்தில் இறங்கினோம்.

நாற்பது நாள் பெருங்குளிர்

காசுமீர மக்கள் தங்கள் கடுங்குளிர்க் காலத்தை மூன்றாகப் பகுத்துள்ளனர். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் முதல் 40 நாள்கள் 'சில்லை கலான்', அதாவது பெருங்குளிர். அடுத்த 20 நாள்கள் 'சில்லை குர்த்', சிறுகுளிர். இறுதிப் பத்து நாள்கள் 'சில்லை பச்சா', குழந்தைக் குளிர். நாற்பது என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நம் முன்பனி, பின்பனிப் பகுப்பை நினைவூட்டும் இம்முறை நம்மைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

நாங்கள் சென்றதோ பெருங்குளிரின் நான்காம் நாள். 21ஆம் நாள் விடியலில் சிரீநகரில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 8.5 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில் அத்தகைய குளிர் பதிவானதில்லை என்றனர். வெளியே வந்து மூச்சுவிட்டதும் வாயிலிருந்து புகை எழுந்தது. மூக்கின் நுனியும் காது மடல்களும் நம்முடையனவாகத் தோன்றவில்லை. ஊரில் வாங்கிச் சென்ற கம்பளிச் சட்டையை மாணவர் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காரிலிருந்து இரண்டு 'ஃபெரன்'களை எடுத்து எங்களுக்கு அணிவித்தார். முழங்கால் வரை தொங்கும் தளர்ந்த கம்பளி அங்கி அது. கைகளைச் சட்டைக் கையினின்று உருவி உள்ளே வைத்துக்கொள்ளும் அளவிற்கு அகலமானது.

வீட்டு வாயிலில் அவருடைய தாயார் நின்றிருந்தார். அவர் கையில் 'காங்ரி' இருந்தது. மண்ணாலான சிறு கலம், அதனைச் சுற்றி மிலாறினால் பின்னிய கூடை, மேலே பிடி, கலத்திற்குள் சாம்பல் மூடிய கரித்தணல். அதனை ஃபெரனுக்குள் வயிற்றருகே பிடித்துக்கொண்டு நடப்பதும் அமர்வதும் அம்மக்களுக்கு இயல்பு. அத்தணலைத் தம் அங்கிக்குள்ளிருந்து எடுத்து அம்மையார் நம் கையில் தந்தார். மரத்துப்போயிருந்த விரல்களில் உணர்வு மெல்லத் திரும்பியது. பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய 'தடவு' அந்நொடியில்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

வெளியில் கண்ட இன்பம்

குளிர் மிகுந்த ஊரில் மக்கள் வீட்டிற்குள் அடைந்து கிடப்பர் என்றே நாம் எண்ணியிருந்தோம். மறுநாள் காலை தால் ஏரிக்குச் சென்றபோது அவ்வெண்ணம் பொய்த்தது. கரையோரத்து நீர் கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. படகோட்டி ஒருவர் துடுப்பால் அதனை உடைத்து வழிசெய்து சிகாராவைச் செலுத்தினார். உடைந்த தகடுகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி வளையல் ஒலி போலிருந்தது. சிறுவர்கள் அத்துண்டுகளை எடுத்து உறைந்த பரப்பின்மேல் சறுக்கிவிட்டு, யாருடையது தொலைவு போகிறது என்று போட்டியிட்டனர். உறைபனி மிதக்கும் இயல்புடையது. நீரோ 4 டிகிரியில் அடர்த்தி மிகுந்து அடியில் தங்கும். ஆதலின் மேலே தகடு மூடியிருந்தாலும் கீழே மீன்கள் உயிரோடு உலவுகின்றன. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியந்தோம்.

26ஆம் நாள் குல்மர்க் சென்றோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், அதாவது நம் உதகையைவிட 400 மீட்டர் மேலே உள்ள புல்வெளி அது. கோடையில் மலர் பூக்கும் அவ்வெளி அன்று வெண்மையாய்க் கிடந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் ஏறிச் செல்லும் கொண்டோலாப் பெட்டிகள் அபர்வத் மலைமுகட்டின் அருகே வரை மக்களைக் கொண்டுசெல்கின்றன. பள்ளிச் சிறுமியர் இரு கால்களிலும் நீண்ட பட்டைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்கினர். 2020ஆம் ஆண்டு 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் முதன்முறையாக நடைபெற்ற களங்களுள் அதுவும் ஒன்று என்றார் மாணவர். வாடகைக்குக் கிடைத்த முழங்கால் உயர ரப்பர்க் காலணிகளோடு நாமும் பத்தடி நடந்தோம். பதினோராம் அடியில் விழுந்தோம். விழுந்தால் வலிக்காத தரை உலகில் இருக்கிறது என்பதை நாற்பது வயதிற்குமேல் அறிந்தோம். துணைவியார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

அங்கே மரப்பலகைச் சறுக்குவண்டிகளில் மக்களை அமர்த்திக் கயிற்றால் இழுத்துச் செல்கின்றனர். நம்மைவிட வயதில் மூத்த ஒருவர் வண்டியோடு வந்தார். பெரியவர் இழுக்க நாம் அமர்ந்திருப்பதா என்று தயங்கினோம். அவர் மாணவரிடம் ஏதோ சொன்னார். "குளிர்கால வருமானம்தான் அவர் வீட்டு அடுப்பை எரிக்கிறதாம். நீங்கள் இரக்கப்பட்டு நடந்து போனால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்" என்று மாணவர் மொழிபெயர்த்தார். ஏறி அமர்ந்தோம். ஆயினும் ஏற்றம் வந்தபோது இறங்கி உடன் நடந்தோம். இறக்கத்தில் அவரும் வண்டியில் அமர்ந்துகொண்டார். மூவருமாகச் சரிவில் வழுக்கி வந்த அந்த அரை நிமிடம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

உள்ளே கண்ட இன்பம்

வெளியில் பெற்ற மகிழ்ச்சிக்கு உள்ளேயிருந்த வெப்பமே அடிப்படை என்பதை மாலைகள் உணர்த்தின. அவ்வீட்டில் 'ஹமாம்' என்னும் அறை உண்டு. தரை முழுதும் கற்பலகைகள். அவற்றின் அடியில் வெற்றிடம். அதில் வெளிப்புறத்திலிருந்து விறகிட்டு எரிப்பர். கல் மெல்லச் சூடேறி இரவெல்லாம் அச்சூட்டைக் காத்துத் தரும். செப்புத் தொட்டியில் நீரும் காய்ந்துவிடும். பள்ளிவாசல்களிலும் இத்தகைய அறைகள் உள்ளன. தொழுகை முடிந்ததும் முதியோர் அங்கேயே அமர்ந்து ஊர்ச்செய்தி பேசுகின்றனர்.

மற்ற அறைகளெல்லாம் குளிர்ந்து கிடப்பதனால் குடும்பம் முழுதும் அவ்வோர் அறையிலேயே கூடுகிறது. பாட்டியார் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார். தங்கை பாடம் படிப்பாள். தந்தையார் கணக்குப் பார்ப்பார். அம்மையார் துணியில் ஊசிவேலை செய்வார். மின்சாரம் அடிக்கடி போய்வரும். போனதும் ஒருவர் கதை தொடங்குவார். வந்ததும் யாரும் எழுந்து போவதில்லை. நம் வீட்டில் நான்கு அறைகள், நான்கு மின்விசிறிகள், நான்கு கைப்பேசிகள். ஆளுக்கோர் அறையில் இருக்கிறோம். குளிர் அவர்களை ஓரறையில் சேர்த்திருந்தது.

உணவிலும் குளிருக்கென்றே அமைந்தவை உண்டு. உப்பிட்ட இளஞ்சிவப்பு 'நூன் சாய்' தேநீரை ரொட்டியோடு அருந்துகின்றனர். முதல் மிடற்றில் முகம் சுளித்த நாம் மூன்றாம் நாள் இரண்டாவது கோப்பை கேட்டோம். கோடையில் அரிந்து உலர்த்திய கத்தரிக்காயும் சுரைக்காயும் தக்காளியும் குளிர்காலத்தில் குழம்பாகின்றன. துணைவியாருக்கு அது தம் தாயார் மொட்டைமாடியில் போடும் வற்றலை நினைவூட்டியது. நாம் மழைக்கு அஞ்சி வற்றல் போடுகிறோம். அவர்கள் பனிக்கு அஞ்சிப் போடுகிறார்கள். பழைய நகரத்துக் கடைகளில் விடியற்காலையில் 'ஹரீசா' கிடைக்கும். ஆட்டிறைச்சியையும் அரிசியையும் இரவு முழுதும் பானையில் வேகவிட்டு, மசித்து, காய்ந்த எண்ணெய் ஊற்றித் தருவர். வைகறைத் தொழுகை முடிந்து பாத்திரத்தோடு காத்திருக்கும் வரிசையைக் கண்டபோது, ரமலான் மாதத்தில் கஞ்சிக்குக் காத்திருக்கும் நம்மூர்ச் சிறுவர்களே நினைவிற்கு வந்தனர்.

வெப்பத்திலும் தீமை உண்டு. காங்ரியை ஓயாது உடலோடு அணைப்பதனால் தோலில் புற்றுநோய் வருவதை மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. மூடிய அறையில் கரி புகைந்தால் நச்சுக்காற்று உயிரையே வாங்கிவிடும். அதனால் அம்மையார் உறங்குமுன் ஒவ்வோர் அறையாக வந்து, காங்ரிகளை அகற்றி, சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டே செல்வார். நாங்கள் தங்கிய எட்டு இரவுகளிலும் அவர் இதனைச் செய்யத் தவறவில்லை.

பனி பொழிந்த நாள்

27ஆம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவிற்குப் பின் பனி விழத் தொடங்கியது. மழைக்கு ஓசை உண்டு, பனிக்கு இல்லை. சன்னல் வழியே பார்த்தவர்கள் சொன்ன பின்னரே நமக்குத் தெரிந்தது. சற்று நேரத்தில் மாணவரின் தங்கை ஓடிவந்து கைக்குட்டையில் சுற்றிய சிறு பொட்டலமொன்றை நம் கையில் கொடுத்தாள். பிரித்தோம், உள்ளே பனிக்கட்டி. வீடே கைகொட்டிச் சிரித்தது. ஆண்டின் புதுப்பனியை அறியாமல் கையில் வாங்கியவர் கொடுத்தவருக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். மறுநாள் துணைவியார் அவர்கள் அடுப்பில் நம்மூர்த் தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் சமைத்துக் கடனைத் தீர்த்தார்.

28ஆம் நாள் விடியலில் ஊர் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. விமானங்கள் நின்றன, நெடுஞ்சாலை அடைபட்டது. தெருவாசிகள் ஆளுக்கொரு பலகையோடு வெளிவந்து முதலில் பள்ளிவாசல் வழியையும், அடுத்துத் தனித்து வாழும் முதியோர் வாசல்களையும், இறுதியில் தத்தம் வாசல்களையும் துப்புரவு செய்தனர். நாமும் ஒரு பலகை வாங்கிப் பனி தள்ளினோம். கால் மணியில் வியர்த்தது. சுழியத்திற்குக் கீழான குளிரில் வியர்ப்பது தனி இன்பம்.

அன்றிரவு ஹமாமில் அம்மையார் வழக்கம்போல் அடியில் தீ எரியும் பக்கத்தை, அறையிலேயே வெப்பம் மிகுந்த இடத்தை, எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். பாட்டியார்கூட நகர்ந்து அமர்ந்தார். முதல் நாளிலிருந்தே இப்படித்தான். "வெயில் நாட்டிலிருந்து வந்தவர்கள், இந்தக் குளிர் அவர்கள் உடம்பிற்குத் தெரியாது" என்று அவர் சொல்வதாக மாணவர் கூறியிருந்தார். 'நாங்களெல்லாம் இந்தக் குளிரில்தானே வளர்ந்தோம்? பழகிக்கொள்ளுங்கள்' என்று அவ்வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. ஆறாண்டுகளுக்கு முன் நாம் சொன்ன சொல் அப்போது நம் காதிலேயே ஒலித்தது. அதற்குமேல் அவ்விடத்தில் அமர்ந்திருக்க இயலவில்லை.

மாணவரை அழைத்தோம். "நீர் மயங்கி விழுந்ததற்கு மூன்று நாள் முன்பு நம்மிடம் என்ன கேட்டீர், நாம் என்ன சொன்னோம் என்பதைத் தாயாரிடம் சொல்லும். கஞ்சி அனுப்பியது துணைவியார், மறுத்தது நாம். மன்னிக்கச் சொல்லும்" என்றோம். அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். பிறகு தாயாரின் பக்கம் திரும்பிக் காசுமீரியில் ஏதோ சொன்னார். அம்மையார் கேட்டார், முகம் மலர்ந்தார், எழுந்து சென்று நம் காங்ரியில் புதுத்தணல் இட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தார்.

"என்ன சொன்னீர்?" என்று கேட்டோம்.

"சாருக்குக் காங்ரி மிகவும் பிடித்துவிட்டது என்று சொன்னேன்" என்றார். பின்பு தாழ்ந்த குரலில், "அந்தக் கஞ்சியைப் பற்றித்தான் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும் சார். மற்றது நம் விடுதிக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார்.

பதில் சொல்ல நமக்குச் சொல் கிடைக்கவில்லை. தமிழ் நடத்துபவருக்கு அப்படியும் நேர்வதுண்டு.

ஊர் திரும்பிய பின்

2025 ஏப்ரலில் வெயில் ஏறியபோது நிர்வாகத்தினரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தோம். விடுதியின் தரைத்தளத்தில், வேப்பமர நிழல் விழும் வடபுறத்து அறையொன்றில் இரண்டு ஏர்கூலர்கள் வைக்கப்பட்டன. வெயில் தாங்காத மாணவர் எவரும், எவ்வூரினராயினும், அனுமதிச் சீட்டின்றி அங்கே சென்று படிக்கலாம், படுக்கலாம். பெரியதொரு செயலன்று. ஏழாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

அம்மையார் கொடுத்தனுப்பிய காங்ரி தமிழ்த்துறை அலமாரியில் இருக்கிறது. நெடுநல்வாடை நடத்தும் நாளில் அதனை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறோம். மாணவர் கூடைப் பின்னலைத் தடவிப் பார்க்கின்றனர். உள்ளே கைவிட்டுச் சூடு உண்டா என்று தேடுகின்றனர். இல்லை என்று சிரிக்கின்றனர். அவர்களிடம் நாம் சொல்வது இதுதான்: கடுங்குளிரிலும் வெளியே ஓடியாடி மகிழலாம், உள்ளே கூடியமர்ந்தும் மகிழலாம். இரண்டிற்கும் யாரோ ஒருவர் நமக்காக முன்னரே நெருப்பு மூட்டியிருக்க வேண்டும். குளிரில் நெருப்பும் வெயிலில் நிழலும் கேட்டு வருபவரிடம், எமக்குப் பழகியதுதானே என்று சொல்லாதிருப்பதே விருந்தோம்பலின் முதற்பாடம். அதனை நாம் காலம் தாழ்த்திக் கற்றோம். நீங்கள் முன்னரே கற்றுக்கொள்ளுங்கள்.